விளம்பரங்கள் உங்களை நூல் பிடித்து வருவது எப்படி, அறுப்பது எங்கே: ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு எடுத்த பரிசோதனையின் முடிவு அன்று சாயங்காலம்தான் என் கைக்கு வந்தது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அந்த நோயின் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து, அவர் பாட்டுக் கேட்கும் டேப்லெட்டில் அதே நோய்க்கான உணவுமுறை, காப்பீடு என்று வரிசையாக விளம்பரங்கள். "இதெல்லாம் ஏன் எனக்கு வருது?" என்று கேட்டார். நான் சொல்ல வேண்டியதை விளம்பரம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. அந்த டேப்லெட்டில் எப்போதோ என் கணக்கில் லாகின் செய்து, அப்படியே விட்டிருந்தேன். அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு உட்கார்ந்து இந்த விஷயத்தை அடிமுதல் படித்தேன். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் ஒவ்வொன்றாக மாற்றினேன். எது பலன் தந்தது, எதில் நேரம் வீணானது என்பதையும் சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இது எப்படி நடக்கிறது

குக்கி என்பது ஓர் இணையதளம் உங்கள் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் அதை உருவாக்கினார். நோக்கம் சாதாரணமானது: ஓர் இணையதளம் உங்களை அடுத்த பக்கத்திலும் அடையாளம் காண வேண்டும், அவ்வளவே. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், நீங்கள் திறக்கும் பக்கம் தனியாக வருவதில்லை. அதற்குள் ஒரு விளம்பரப் பெட்டி இருக்கும், ஒரு லைக் பொத்தான் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் இருக்கும். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு நிறுவனங்களின் கணினியிலிருந்து வருகின்றன. வரும்போது அந்த நிறுவனமும் தன் குக்கியை உங்கள் பிரவுசரில் வைக்கிறது. இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கி என்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் பெட்டி லட்சக்கணக்கான தளங்களில் இருந்தால், நீங்கள் காலையில் படித்த செய்தியையும் இரவில் தேடிய மருந்தையும் அது ஒரே நூலில் கோத்துவிடும்.

அடுத்தது ஏலம். என்னை மிகவும் உறுத்துவது இதுதான். பக்கம் முழுதாகத் திறப்பதற்குள், நீங்கள் பார்க்கும் தளம், ஏறக்குறைய எந்த இடத்தில் இருக்கிறீர்கள், என்ன போன், உங்கள் அடையாள எண் என்ன என்ற விவரங்கள் பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் போகின்றன. உங்களுக்கு விளம்பரம் காட்டும் அந்த இடத்துக்கு, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அவை ஏலம் கேட்கின்றன. ஒரு நிறுவனம் ஜெயிக்கிறது, அதன் விளம்பரம் உங்கள் திரையில் வருகிறது. ஆனால் தோற்ற நிறுவனங்களுக்கும் உங்கள் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை அவை என்ன செய்கின்றன என்று பார்க்க உங்களுக்கு வழியில்லை.

உங்களைக் கோக்கும் நூல்கள் மொத்தம் ஐந்து: பிரவுசரில் உள்ள குக்கி, போனில் உள்ள விளம்பர அடையாள எண், நீங்கள் லாகின் செய்திருக்கும் கணக்கு, உங்கள் ஈமெயிலும் போன் நம்பரும், கடைசியாக உங்கள் கருவியின் 'கைரேகை' (அதன் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து காட்டிக்கொடுக்கும் அடையாளம்). பெரும்பாலானோர் முதல் நூலோடு மட்டும் மல்லுக்கட்டுகிறார்கள். மூன்றாவதும் நான்காவதும்தான் அதைவிடப் பலமானவை.

"போன் நாம் பேசுவதைக் கேட்கிறதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ரகசியமாக மைக்கை இயக்கி ஒலியை அனுப்பியதற்கு ஆதாரம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சில செயலிகள் பயனர் திரையில் செய்வதைப் படம்பிடித்து வெளியே அனுப்பியதைக் கண்டார்கள். பேச்சைக் கேட்காமலேயே இவ்வளவு துல்லியமாக ஊகிக்க முடிகிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

"எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்பவர்களுக்கு ஒரு நிஜ வழக்கைச் சொல்கிறேன். மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் என்ற சேவை, தன்னிடம் வந்தவர்களின் ஈமெயில் முகவரிகளையும் அவர்கள் நிரப்பிய உடல்நலக் கேள்விகளின் விவரத்தையும் பேஸ்புக், ஸ்நாப்சாட் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள். மனம் உடைந்து உதவி தேடி வந்தவர்களின் விவரம் அது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: போனிலிருந்து தொடங்குங்கள்

பத்து நிமிட வேலை, பலன் அதிகம். ஒவ்வொரு போனிலும் விளம்பரத்துக்கென்றே ஓர் அடையாள எண் இருக்கிறது. நீங்கள் போட்டிருக்கும் செயலிகள் எல்லாம் ஒரே எண்ணைப் படிப்பதால், வானிலைச் செயலியில் நீங்கள் இருந்த இடத்தையும் விளையாட்டுச் செயலியில் நீங்கள் கழித்த நேரத்தையும் ஒருவரால் இணைக்க முடிகிறது.

ஆண்ட்ராய்டில்: செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி, அதற்குள் ஆட்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். சில போன்களில் இது கூகுள் என்ற பிரிவுக்குள் இருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ஆட்ஸ் என்று தேடுங்கள். அங்கே விளம்பர ஐடியை டெலீட் செய்யும் வசதி இருக்கும். 'ரீசெட்' என்பதைத் தொடாதீர்கள், அது புதிய எண் ஒன்றைக் கொடுத்துவிடும். டெலீட் செய்தபின் எந்தச் செயலி கேட்டாலும் வெறும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும்.

ஐபோனில்: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிராக்கிங். அங்கே 'செயலிகள் அனுமதி கேட்கலாம்' என்ற சுவிட்சை அணைத்துவிடுங்கள். இனி எல்லாவற்றுக்கும் தானாகவே 'கூடாது' என்று பதில் போகும். இந்த அனுமதி முறையை ஆப்பிள் 2021 ஏப்ரலில் கொண்டுவந்தது. அதனால் 2022-ல் தங்கள் வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று பேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. அந்த ஒரு எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஆப்பிள் தானே காட்டும் விளம்பரங்களுக்குத் தனி சுவிட்ச் உண்டு. அதே பிரைவசி பக்கத்தின் அடியில் ஆப்பிள் அட்வர்டைசிங் என்று இருக்கும். அதையும் அணையுங்கள்.

அப்புறம், இருப்பிட அனுமதி. ஒவ்வொரு செயலியாகப் பாருங்கள். வரைபடத்துக்குத் துல்லியமான இடம் தேவை, 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுங்கள். வானிலைக்கு ஏறக்குறைய இடம் போதும். இரண்டு வகை போன்களிலும் துல்லியத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. டார்ச் லைட் செயலிக்கும் கால்குலேட்டருக்கும் இடம் எதற்கு? 2022-ல் கோச்சாவா என்ற தரவு நிறுவனத்தின் மீது அமெரிக்க ஆணையம் தொடுத்த வழக்கே, போன்களின் இருப்பிடத் தரவை விற்றதற்காகத்தான். அந்தத் தரவை வைத்து யார் எந்த மருத்துவமனைக்கு, எந்த வழிபாட்டுத் தலத்துக்குப் போனார் என்று கண்டுபிடிக்க முடியும் என்றது ஆணையம்.

இந்தப் படியில் மிகப் பெரிய பலன் தருவது, பயன்படுத்தாத செயலிகளை நீக்குவது. ஒரு செயலியை உருவாக்குபவர் விளம்பரத்துக்காகவும் புள்ளிவிவரத்துக்காகவும் வேறு நிறுவனங்களின் ஆயத்த நிரல்களை உள்ளே சேர்த்திருப்பார். நீங்கள் போட்டது ஒரு செயலி, கூடவே குடியேறியது நாலைந்து நிறுவனங்கள். பிரவுசரிலேயே செய்ய முடிகிற வேலைக்குச் செயலி போடாதீர்கள். 'ஆப்பில் திறந்தால் நன்றாக இருக்கும்' என்று தளங்கள் விடாமல் கெஞ்சுவதற்குக் காரணமே, பிரவுசர் தராத பல விவரங்களைச் செயலி தரும் என்பதுதான்.

படி 2: பிரவுசரை மாற்றுங்கள், இல்லையென்றால் திருத்துங்கள்

உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் பிரவுசரான குரோமை உருவாக்குவது, விளம்பரத்தை நம்பி வாழும் நிறுவனம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் 2024 வருமானம் சுமார் 35,000 கோடி டாலர். அதில் 26,000 கோடிக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் ஒழித்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. சஃபாரியோ 2020-லிருந்தே அந்தக் குக்கிகளை முழுதாகத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2019-ல் தெரிந்த கண்காணிப்பாளர்களைத் தடுக்கத் தொடங்கி, 2022-ல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் பூட்டிவைக்கும் முறைக்கு மாறியது.

என் பரிந்துரை: கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் பயர்பாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைச் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு நிரல்) சேருங்கள். விளம்பரங்களையும் கண்காணிப்பாளர்களையும் தடுப்பது அதன் வேலை. இலவசம், திறந்த மூலம். பிறகு பயர்பாக்ஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் 'ஸ்டிரிக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எப்போதாவது ஒரு தளம் சரியாகத் திறக்காது. அப்போது முகவரிப் பட்டையில் உள்ள கேடயச் சின்னத்தைத் தொட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்தால் போதும். ஒரு தளத்துக்காக எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர்கள். பிரேவ் பிரவுசரும் நல்ல தேர்வுதான், அதில் தடுப்பு உள்ளேயே வருகிறது.

வேலை காரணமாக குரோமைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், செட்டிங்ஸில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுங்கள். அதே இடத்தில் விளம்பரத் தனியுரிமை என்று ஒரு பகுதி தெரிந்தால், அதில் உள்ள சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணையுங்கள். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் அதில் இனி ஓடாது; 'லைட்' வடிவம் ஓடும். அது கொஞ்சம் பலம் குறைந்தது, ஆனாலும் இல்லாததற்கு நிச்சயம் மேல்.

எக்ஸ்டென்ஷன்களைக் குவிக்காதீர்கள். நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் படிக்கும் உரிமை அவற்றில் பலவற்றுக்கு உண்டு. நம்பகமான ஒன்று போதும்.

இன்காக்னிட்டோ என்ற குரோமின் தனி சாளரம் பற்றி: அது உங்கள் கருவியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் அடுத்து உட்காருபவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளத்துக்கும் அதில் உள்ள விளம்பர நிறுவனங்களுக்கும் நீங்கள் வந்தது தெரியும். இதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று கூகுள் மீது நடந்த வழக்கில், சேர்த்துவைத்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதற்கு அந்த நிறுவனம் 2024-ல் ஒப்புக்கொண்டது.

படி 3: கணக்குகளுக்குள் போய் அணையுங்கள்

லாகின் செய்தபின் குக்கியைத் துடைத்து என்ன பயன்? பெயரைச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொள்வது போலத்தான். அதனால் கணக்கின் உள்ளே போய்த்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

கூகுள் கணக்கைத் திறந்து, டேட்டா அண்ட் பிரைவசி பகுதிக்குப் போங்கள். வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி, யூடியூப் ஹிஸ்டரி, டைம்லைன் (நீங்கள் போன இடங்கள்) என்று மூன்று பதிவேடுகள் இருக்கும். அணைப்பதற்கு முன் ஒருமுறை மை ஆக்டிவிட்டியைத் திறந்து பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ராத்திரி நீங்கள் எதைத் தேடினீர்கள் என்பதுகூட அங்கே இருக்கலாம். நான் பார்த்தபோது அம்மாவின் நோயைத் தேடிய அந்த இரவும் நிமிட வாரியாக இருந்தது. மூன்றையும் அணையுங்கள். அணைக்க மனம் வரவில்லை என்றால், தானாக அழியும் காலத்தை 3 மாதமாக வையுங்கள். 18, 36 மாதத் தேர்வுகளும் அதே இடத்தில் இருக்கும். ஏற்கெனவே சேர்ந்த பழையதைத் தனியாக அழிக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து மை ஆட் சென்டர். அதில் தனிப்பயன் விளம்பரங்களை அணைக்கலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: இது விளம்பரம் தேர்ந்தெடுக்கப்படும் முறையைத்தான் மாற்றுகிறது, தரவு சேர்வதை நிறுத்துவதில்லை. சேர்வதைக் குறைப்பது மேலே சொன்ன பதிவேடுகளை அணைப்பதுதான். இரண்டையும் செய்ய வேண்டும்.

மெட்டாவுக்கு வந்தால், பேஸ்புக்கோ இன்ஸ்டாகிராமோ திறந்து அக்கவுண்ட்ஸ் சென்டருக்குப் போங்கள். உங்கள் தகவல்கள், அனுமதிகள் என்ற பகுதியில், 'மெட்டாவுக்கு வெளியே உங்கள் செயல்பாடு' என்று ஒன்று இருக்கும். மற்ற தளங்களும் செயலிகளும் உங்களைப் பற்றி மெட்டாவுக்கு அனுப்பியவற்றின் பட்டியல் அது. முதலில் நிதானமாகப் படித்துப் பாருங்கள், எந்தெந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று. பிறகு பழையதை நீக்கி, எதிர்காலத்தில் வருவதையும் கணக்கிலிருந்து துண்டியுங்கள். துண்டித்தாலும் அந்தத் தளங்கள் அனுப்புவது நிற்காது. உங்கள் கணக்கோடு சேராது, அவ்வளவே. அனுப்பாமல் தடுப்பது படி 2-ல் செய்த வேலை. விளம்பர விருப்பங்கள் பகுதியில், கூட்டாளிகள் தரும் தகவலை வைத்து விளம்பரம் காட்டுவதற்கும் மறுப்புச் சொல்லுங்கள்.

'கூகுள் மூலம் நுழைக', 'பேஸ்புக் மூலம் நுழைக' பொத்தான்கள் வசதியானவை. ஆனால் நீங்கள் எங்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று அந்த நிறுவனத்துக்கு நீங்களே சொல்லிக்கொடுப்பது அது. பாஸ்வேர்டுகளை நினைவில் வைக்கும் மேனேஜர் ஒன்றைப் பயன்படுத்தினால் அந்தப் பொத்தான் தேவைப்படாது.

படி 4: ஈமெயிலும் போன் நம்பரும்

பெரும்பாலானோர் தொடாமல் விடும் இடம் இதுதான், என் கணிப்பில் இதுவே மிக முக்கியமான இடம். குக்கி அழியும், விளம்பர எண் அழியும். உங்கள் ஈமெயில் முகவரி பத்து வருடமாக ஒன்றேதான்.

நடப்பது இப்படி. ஒரு கடையில் கணக்குத் தொடங்க ஈமெயில் கொடுக்கிறீர்கள். அந்தக் கடை தன் வாடிக்கையாளர் பட்டியலை ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஏற்றுகிறது. முகவரியை அப்படியே கொடுப்பதில்லை, ஒரு கணித முறையில் அடையாளம் தெரியாத எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கொடுக்கிறார்கள். பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் ஒரே முகவரியிலிருந்து எப்போதும் ஒரே கோவைதான் வரும். விளம்பர நிறுவனமும் தன்னிடம் உள்ள உங்கள் முகவரியை அதே முறையில் மாற்றி ஒப்பிட்டால், நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். பேஸ்புக் இந்த வசதியை 2012-லேயே தந்தது. இதில் பிரவுசருக்கு வேலையே இல்லை, எந்தத் தடுப்பானும் இதைத் தடுக்காது.

தீர்வு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகமூடி முகவரி. ஆப்பிளின் ஹைட் மை ஈமெயில், பயர்பாக்ஸ் ரிலே, டக்டக்கோவின் ஈமெயில் பாதுகாப்பு, சிம்பிள்லாகின் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. புதுப் புது முகவரிகளை உருவாக்கித் தந்து, வரும் கடிதங்களை உங்கள் உண்மையான பெட்டிக்கு அனுப்பிவிடும். ஒரு முகவரிக்குக் குப்பை வரத் தொடங்கினால், விற்றது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் மூடலாம். முகவரிக்கு நடுவே கூட்டல் குறி போடும் பழைய உத்தி இங்கே உதவாது, அந்தப் பகுதியை வெட்டிவிடுவது மிகச் சுலபம். இருக்கும் கணக்குகளை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இனி தொடங்குபவற்றுக்கு முகமூடி, பழையவற்றில் உடல்நலம், பணம் தொடர்பில்லாத கடைக் கணக்குகளை நேரம் கிடைக்கும்போது மாற்றுங்கள்.

போன் நம்பருக்கு இப்படி எளிய முகமூடி இல்லை. பில் போடுமிடத்தில் கேட்டால், கட்டாயமா என்று திருப்பிக் கேளுங்கள். பல இடங்களில் கட்டாயம் இல்லை.

வரும் கடிதங்களிலும் ஒரு புள்ளி அளவுப் படம் இருக்கும், நீங்கள் எப்போது திறந்தீர்கள் என்று சொல்ல. ஜிமெயிலில் வெளிப்படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி வையுங்கள். ஆப்பிள் மெயிலில் மெயில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்குங்கள். நண்பர்களுக்கு இணைப்பு அனுப்பும்போது, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் நீளும் வாலைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் யார், எங்கிருந்து வந்தார் என்ற குறி இருக்கும். அதை வெட்டியும் பக்கம் திறந்தால், வெட்டியே அனுப்புங்கள்.

படி 5: வீட்டு இணைப்பும் தொலைக்காட்சியும்

ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. டிஎன்எஸ் என்பது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் கணினி எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் சேவை. அதில் ஆட்கார்டு, நெக்ஸ்ட்டிஎன்எஸ் போன்ற சேவையின் முகவரியைக் கொடுத்தால், கண்காணிப்பு நிறுவனங்களின் கணினிகளை உங்கள் போனால் தொடர்புகொள்ளவே முடியாது. செயலிகளுக்குள்ளும் இது வேலை செய்யும் என்பதுதான் சிறப்பு. யூடியூப் போல விளம்பரமும் காணொளியும் ஒரே இடத்திலிருந்து வரும் தளங்களில் இதனால் பலன் இருக்காது.

விபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறொரு கணினி வழியாக அனுப்பும் சேவை; அது உங்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கான எண்ணை, மறைக்கும். லாகின் செய்திருந்தால் விளம்பரக் கண்காணிப்பை அது நிறுத்தாது. விளம்பரங்கள் சொல்வதை நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

ஸ்மார்ட் டிவியை மறக்காதீர்கள். திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு அனுப்பும் நிரல் பல டிவிகளில் உண்டு. அப்படி உரிய அனுமதியின்றிச் சேகரித்ததாக விசியோ என்ற டிவி நிறுவனம் மீது வந்த வழக்கு 2017-ல் 22 லட்சம் டாலரில் முடிந்தது. டிவியின் செட்டிங்ஸில் பார்வைத் தரவு, விளம்பரம் என்ற பெயர்களில் இருப்பவற்றைத் தேடி அணையுங்கள்.

படி 6: கைரேகையும் சட்டமும்

திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், பிரவுசர் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்தாலே உங்கள் கருவி தனித்துத் தெரியும். இணைய உரிமைகளுக்காகச் செயல்படும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் மற்றவற்றிலிருந்து தனித்து அடையாளம் காணும்படி இருந்தன. அவர்களின் கவர் யுவர் டிராக்ஸ் தளத்தில் உங்கள் பிரவுசரை நீங்களே சோதிக்கலாம். முழுத் தீர்வு டோர் பிரவுசர்; அது எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுகிறது, ஆனால் மெதுவானது. அன்றாடத்துக்கு பயர்பாக்ஸ், சஃபாரி, பிரேவ் தரும் பாதுகாப்பே போதும். இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

குக்கி அனுமதி கேட்கும் பெட்டியில் 'நிராகரி' என்பதைத் தேடி அழுத்துங்கள். ஏற்பதைச் சுலபமாகவும் மறுப்பதைக் கடினமாகவும் வைத்ததற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. பயர்பாக்ஸிலும் பிரேவிலும் உள்ள குளோபல் பிரைவசி கன்ட்ரோல் சமிக்ஞையையும் இயக்கிவையுங்கள்; 'என் தரவை விற்காதே, பகிராதே' என்று தளங்களுக்கு அது தானாகவே சொல்லும். கலிஃபோர்னியாவில் அதற்குச் சட்ட பலம் உண்டு. அதை மதிக்காதது உள்ளிட்ட புகார்களில் செஃபோரா என்ற அழகுசாதன நிறுவனம் 2022-ல் 12 லட்சம் டாலர் கட்டியது. உங்கள் நாட்டின் தரவுச் சட்டம் இடம் தந்தால், ஒரு நிறுவனம் வைத்திருக்கும் உங்கள் தரவைக் கேட்டு வாங்குங்கள், அழிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விளம்பரங்கள் வரும். எண்ணிக்கை குறையாவிட்டாலும் அவை உங்களுக்குச் சம்பந்தமில்லாதவையாக மாறத் தொடங்கும். வேலை நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படி 1, படி 3 இரண்டையும் மறுபடி பாருங்கள். மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு புதிய சுவிட்சுகள் முளைத்திருக்கும், பெரும்பாலும் இயங்கும் நிலையில்.

உங்கள் கருவிகளை முடித்ததும் வீட்டில் உள்ள பெரியவர்களின் போனையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதை எதற்காக அணைக்கிறீர்கள் என்று சொல்லிச் செய்யுங்கள். அம்மாவின் டேப்லெட்டிலிருந்து என் கணக்கை எடுத்துவிட்டு, அவர் பெயரிலேயே ஒன்று தொடங்கி, எல்லாப் பதிவேடுகளையும் அணைத்துக் கொடுத்தேன். போன வாரம் அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது எட்டிப்பார்த்தேன். ஏதோ டிராக்டர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.